நூற்றிருபது தவணை

மாதா மாதம் ஒன்றாம் தேதி காலை பத்தேகால் மணிக்கு என் அண்ணன் என் கவுன்டருக்கு எதிரே இருக்கும் பெஞ்சில் வந்து உட்காருவார். வங்கியே அவருடையதுதான். பெட்டகத்தின் இரண்டு சாவிகளில் ஒன்று அவர் இடுப்பில்தான் தொங்குகிறது. இருந்தாலும் எல்லாரையும் போல வாசலில் டோக்கன் எடுத்துக்கொண்டு முறை வரும்வரை காத்திருப்பார். நான் எண்ணைக் கூப்பிட்டதும் எழுந்து வந்து ரப்பர் பேண்ட் போட்ட பணத்தை வைப்பார். எட்டாயிரத்து நானூறு. சரியாகத்தான் இருக்கும் என்று தெரிந்தும் நான் இரண்டு தடவை எண்ணுவேன். முத்திரை குத்தி, பாஸ்புக்கைத் தள்ளிவிட்டு, “அடுத்தவங்க” என்பேன்.

ஐந்தரை வருடத்துக்கு மேலாக அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சுவார்த்தை இவ்வளவுதான். சண்டை என்று சொல்ல முடியாது. சண்டை போடவும் உடம்பில் கொஞ்சம் சூடு வேண்டும். ஆரம்பத்தில் இருந்தது, பிறகு அதுவும் ஆறிப்போய்விட்டது. அவர் வந்து நின்றாலும் எனக்கு ஒன்றுதான், யாரோ வழி தவறி மின்சார பில் கட்ட வந்து நின்றாலும் ஒன்றுதான்.

அந்தப் பாஸ்புக் என் கணவர் பெயரில் இருக்கிறது. அவர் போய்ச் சேர்ந்தும் ஐந்தரை வருடத்துக்கு மேல் ஆகிறது.

அண்ணன் டாக்டர். டாக்டர் ஒருத்தர் எதற்காக வங்கி வைத்தார் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அவர் வைக்கவில்லை, அதுவாக வந்து உட்கார்ந்துகொண்டது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆபரேஷனுக்குப் போகிறவர்கள், “டாக்டர், இது உங்ககிட்டயே இருக்கட்டும். வீட்ல வச்சா மச்சான் கண்ணு பட்டுடும்” என்று பணத்தையும் நகையையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். உடம்பையே நம்பி ஒப்படைத்தவர்களுக்குப் பணம் என்ன பெரிய விஷயம். அண்ணன் அதைக் காக்கி உறையில் போட்டு, மேலே நோயாளியின் எண்ணை எழுதி, ஊசி மருந்து வைக்கிற பீரோவின் கீழ்த்தட்டில் வைப்பார். இரண்டு வருடத்தில் ஊசி மருந்து மேல்தட்டுக்கு ஏறியது. அப்புறம் பீரோவை விட்டே வெளியேறியது.

பிறகு ஊரில் இருந்த ஒரே வங்கிக் கிளையை மூடிவிட்டார்கள். அண்ணன் முறைப்படி விண்ணப்பித்து, அனுமதி வாங்கி, கிளினிக்கை ஒட்டியிருந்த மருந்துக் கிடங்கில் கம்பி வைத்த கவுன்டர் ஒன்றைக் கட்டினார். வணிகவியல் படித்துவிட்டு வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த என்னை அதற்குப் பின்னால் உட்கார வைத்தார். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு கதவு. அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும், இந்தப் பக்கம் நோட்டு எண்ணினால் அந்தப் பக்கம் கேட்கும். ஊர் அவருக்கு ‘வட்டி டாக்டர்’ என்று பெயர் வைத்தது. அண்ணனுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே ஆகாது. அண்ணிக்குக் கோபம் வந்தால் வீட்டில் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்.

முதல் சில வருடங்கள் எல்லாருக்கும் ஒரே அட்டைதான் இருந்தது. முன்பக்கம் உடம்பு, பின்பக்கம் பணம். ரத்த அழுத்தம், சர்க்கரை, மாத்திரை எல்லாம் முன்னால். வைப்பு, கடன், தவணை எல்லாம் பின்னால். தணிக்கைக்கு வந்தவர் அதைப் பார்த்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். அதன்பிறகு உடம்புக்கு வெள்ளை அட்டை, பணத்துக்குப் பச்சை அட்டை என்று பிரித்தோம். எண் மட்டும் மாறவில்லை. நானூற்றுப் பன்னிரண்டாம் நோயாளிதான் நானூற்றுப் பன்னிரண்டாம் கணக்கு. அண்ணன் மண்டைக்குள் அது இன்றைக்கும் ஒரே அட்டைதான்.

அவரிடம் இன்னொரு வித்தையும் உண்டு. எந்தத் தேதியைச் சொன்னாலும் காலண்டர் பார்க்காமல் கிழமை சொல்வார். “மூணு மாசம் மாத்திரை. பதினாலாம் தேதி, வியாழக்கிழமை, வந்து காட்டுங்க” என்பார். கடன் பாஸ்புக்கில் தவணைத் தேதிகளைத் தன் கையாலேயே வரிசையாக எழுதிக் கொடுப்பார். ஒரு தேதி ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால், அது ஐந்து வருடம் தள்ளி இருந்தாலும், திங்கட்கிழமைக்கு மாற்றித்தான் எழுதுவார். வங்கி பூட்டியிருக்கும் நாளில் யாரும் வந்து ஏமாந்து திரும்பக் கூடாதாம்.

கடன் விஷயத்தில் அவருக்கு ஒரே ஒரு கொள்கை. “ஆளுக்கு முன்னாடி கடன் முடியணும். அவன் போன பிறகு பொண்டாட்டி தலையில விழக்கூடாது.” இதை என்னிடம் மட்டும் ஒரு தடவை சொன்னார். மற்றவர்களிடம் சொல்லவில்லை. ஆனால் பேக்கரிக்காரர் விஷயத்தில் ஊரே அதைக் கண்டுபிடித்துவிட்டது.

பேக்கரிக்காரர் புது அடுப்பு கட்ட ஏழு வருடக் கடன் கேட்டார். முந்தின வாரம்தான் அண்ணன் அவர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்திருந்தார். ஒரு வருடத்துக்குத்தான் தர முடியும், அதுவும் பாதித் தொகை என்றார். பேக்கரிக்காரர் இந்தக் கவுன்டர் முன்னால் நின்று குதி குதி என்று குதித்தார். “என் கடை பன்னைத் தின்னுதானே டாக்டர் நீ படிச்சே? எனக்கா வக்கு இல்லைங்கறே?” அண்ணன் பாதித் தொகைக்கான சீட்டை நீட்டினார். வேறு வழியில்லாமல் அந்தப் பாதியை வாங்கிப் போய்ப் பதினோராவது மாதமே அடைத்தார். பன்னிரண்டாவது மாதம் மாவு பிசைந்துகொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. கடன் தீர்ந்த சீட்டை வாங்க வந்த அவர் மனைவி பெஞ்சு நிறைய ஆள் இருக்கும்போது சொன்னார்: “டாக்டருக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு.”

அன்று முதல் ஊர் கணக்குப் போட ஆரம்பித்தது. கிளினிக்கில் அண்ணன், “பயப்பட ஒண்ணுமில்ல, சரியாயிடும்” என்று சொல்லி அனுப்புவார். ஆள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் நேராக நடுக்கதவைத் திறந்து இந்தப் பக்கம் வந்து ஐந்து வருடக் கடனுக்கு மனு கேட்பார். பணம் யாருக்கு வேண்டும்? ஐந்து என்று எழுதினால் ஐந்து வருடம் உத்தரவாதம். ரிட்டயரான கணக்கு வாத்தியார் ஒருவர் எழுபத்து மூன்று வயதில் சைக்கிள் வாங்கப் பத்து வருடக் கடன் கேட்டார். அண்ணன் பத்து என்றே எழுதினார். வாத்தியார் பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். மறுநாள் பணத்தை அப்படியே திருப்பிக் கட்டினார். அதற்கு ஒருநாள் வட்டி போட்டதற்கு என்னிடம் அரைமணி நேரம் தகராறு செய்தார். அப்புறம் வருடா வருடம் வந்தார். சைக்கிள் மட்டும் வாங்கவே இல்லை.

குறைவாகக் கிடைத்தவர்கள் சத்தம் போடுவதில்லை. ஒரு அம்மா மூன்று வருடம் கேட்டார், எட்டு மாதம் என்று வந்தது. தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, “வீட்டுச் சாவியை யார்கிட்ட குடுக்கறதுன்னு யோசிக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன். அது என் வேலை.

ஒருநாள் அண்ணனிடம் கேட்டேன். “ஊரே உன்னை ஜோசியக்காரன் மாதிரி ஆக்கி வச்சிருக்கு. யாராவது ஒருத்தருக்குக் கொஞ்சம் கூட்டிப் போட்டுக் குடுத்தா குடியா முழுகிடும்?”

“வாயால ஆயிரம் சொல்லலாம்மா,” என்றார். “கையெழுத்துல பொய் சொல்ல முடியாது.”

நான் அதை நம்பினேன். நம்பித்தான் மோசம் போனேன்.

என் கணவர் மூன்று தெரு தள்ளி ஒரு சின்ன அச்சகம் வைத்திருந்தார். எங்கள் வங்கியின் பாஸ்புக், டோக்கன், ரசீது எல்லாம் அவர் அடித்ததுதான். “உங்க அண்ணன் எல்லாத்தையும் என்கிட்ட அச்சடிக்கக் குடுக்கறாரு, நோட்டை மட்டும் குடுக்க மாட்டேங்கறாரு” என்று நூறு தடவையாவது சொல்லியிருப்பார். நானும் நூறு தடவையும் சிரித்திருக்கிறேன். அவருக்கு முதுகு வலி என்று ஆரம்பித்தது. பிறகு சாப்பாடு குறைந்தது, பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தோம். ரிப்போர்ட் அண்ணனுக்குத்தான் வந்தது.

“கொஞ்சம் வீக்கம் இருக்கு மாப்ள. மாத்திரை தர்றேன், சரியாயிடும்” என்றார். அதைச் சொல்லும்போது அவர் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டைக் காலரைப் பார்த்தார். இருபது வருடம் அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் கேட்காத குரலா அது? அவர் தனியாக இருந்தபோது போய், “அண்ணா, உண்மையைச் சொல்லு” என்றேன். “அதான் சொன்னேனே” என்றார். இரண்டு நாள் விடாமல் கேட்டேன். பிடி கொடுக்கவே இல்லை.

அதனால் ஊர் செய்வதை நானும் செய்தேன்.

ஆப்செட் மெஷின் ஒன்று வாங்க வேண்டும் என்பது என் கணவருக்கு வெகுநாள் ஆசை. “மனு எழுதுங்க, பத்து வருஷத்துக்குக் கேளுங்க” என்றேன். அவருக்குப் புரியாமல் இல்லை. “என் ஆயுசை உங்க அண்ணன் பேனாவுல பாக்கணுமாக்கும்?” என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுதினார். இரண்டு தாள் கிழித்தார்.

நான் நடுக்கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு என் இடத்தில் உட்கார்ந்தேன். அண்ணன் மனுவைப் படித்தார். மடித்து வைத்தார். எழுந்து போய்க் குழாயில் கையைக் கழுவினார். நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் அப்படித்தான் கழுவுவார், விரல் இடுக்கு விடாமல். திரும்பி வந்து பேனாவைத் திறந்தார். ஒரு வருடம் என்று எழுதினால் அச்சகத்தை அன்றே பூட்டுவது, மகளை அன்றிரவே வரவழைப்பது, அவரை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போவது என்று எனக்குள் எல்லாம் தயாராக இருந்தது. நான் கண் இமைக்காமல் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் எழுதினார், கையெழுத்துப் போட்டார், கடன் சீட்டைத் தானே கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்.

நூற்றிருபது தவணை. பத்து வருடம்.

கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். வெளியே வந்து முதல் வேலையாக மகளுக்குப் போன் போட்டேன். அவள் வெகு தூரத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டதும் டிக்கெட் எடுத்து வைத்திருந்தாள். “டிக்கெட்டைக் கேன்சல் பண்ணு” என்றேன். “மாமா பத்து வருஷம் குடுத்துட்டாரு. பரீட்சையெல்லாம் முடிச்சுட்டு நிதானமா வா.”

மெஷின் வந்தது. இறக்கி வைக்க எட்டுப் பேர் வேண்டியிருந்தது. கதவு நிலையில் பாதியை இடித்துத்தான் உள்ளே கொண்டுபோனார்கள். என் கணவர் காலையில் போனால் ராத்திரிதான் வருவார். மெலிந்துகொண்டே போனார். புது மெஷின், வேலை அதிகம் என்று நினைத்தேன். சாப்பாட்டைத் தள்ளி வைத்தார். மை வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். கண்ணில் மஞ்சள் தெரிந்தது. அச்சகத்தில் விளக்கு மட்டம் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் பாருங்கள். ஆனால் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த ஐந்து மாதமும் மனிதர் விசில் அடித்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவர் விசில் அடித்து நான் கேட்டதே இல்லை.

நாலு தவணை அவர் கையால் கட்டினார். ஐந்தாவது மாதம் பேப்பர் பண்டலின் மேல் உட்கார்ந்தவரைத் தூக்கிக்கொண்டு போனோம். இரண்டு நாள்தான். மகள் வந்து சேர்ந்தபோது வாடகை நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

“நீதானேம்மா வர வேண்டாம்னு சொன்னே” என்றாள். இன்றுவரை அதை அவள் திருப்பிச் சொன்னதில்லை. வாரா வாரம் போன் செய்கிறாள், சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். சாப்பிட்டேன் என்கிறேன்.

அடுத்த ஒன்றாம் தேதி நான் வேலைக்குப் போய்விட்டேன். வீட்டில் இருந்தால் அந்தக் கட்டிலைப் பார்க்க வேண்டும், இங்கே இருந்தால் நோட்டைப் பார்த்தால் போதும். பத்தேகாலுக்கு ஒரு டோக்கனைக் கூப்பிட்டேன். அண்ணன் வந்து நின்றார். என் கணவரின் பாஸ்புக்கையும் பணத்தையும் வைத்தார்.

“நான்தான் ஜாமீன்” என்றார்.

கடன் சீட்டின் கீழே ஜாமீன் என்ற இடத்தில் அவர் கையெழுத்து இருந்திருக்கிறது. மேலே இருந்த பத்தைப் பார்த்த சந்தோஷத்தில் நான் கீழே பார்க்கவே இல்லை. எல்லாம் தெரிந்துதான் போட்டிருக்கிறார். எனக்கு அவர் சட்டையைப் பிடித்து உலுக்கிக் கத்த வேண்டும் போல இருந்தது. என் ஐந்து மாதத்தைத் தின்றுவிட்டாயே, என் மகளைத் தகப்பன் முகத்தைப் பார்க்க விடாமல் செய்துவிட்டாயே என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் போல இருந்தது. பெஞ்சில் பதினொரு பேர் இருந்தார்கள். நான் பணத்தை எண்ணினேன். எண்ணி முடித்தபோது கத்த வேண்டும் என்ற எண்ணம் இல்லை. வேறு எந்த எண்ணமும் இல்லை. “அடுத்தவங்க” என்றேன்.

ஊரும் சும்மா இருக்கவில்லை. வட்டி டாக்டர் கையெழுத்திலும் பொய் வரும் என்று தெரிந்ததும் அவரவருக்கு வந்தது பயம். பதினைந்து வருட வீட்டுக் கடன் வாங்கியவர் ஓடி வந்து, “டாக்டர், எனக்கும் இப்படித்தானா?” என்று கேட்டார். கணக்கு வாத்தியார் வருவதை நிறுத்திவிட்டார். அவர் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறார், ஆனால் தூங்குவதில்லையாம். இப்போது எங்களிடம் கடன் கேட்கிறவர்கள் கடனுக்காகத்தான் கேட்கிறார்கள். இருபது வருடப் பேரை அண்ணன் ஒரே கையெழுத்தில் தொலைத்தார். அதற்காக அவர் வருந்தியதாகத் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்படியே அறுபத்தேழு தவணை கட்டினார்.

இந்த மாதம் ஒன்றாம் தேதியும் பத்தேகாலுக்கு வந்தார். டோக்கனைக் கூப்பிட்டேன். வழக்கமான ரப்பர் பேண்ட் கட்டு வரவில்லை. ஒரு துணிப்பை வந்தது. கம்பிக்கு அடியில் நுழையாமல் பக்கத்துக் கதவைத் திறந்து வாங்க வேண்டியிருந்தது.

“என்ன சார் இது?” அவரை அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

“மிச்சம் இருக்கறது நாப்பத்தொன்பது. நாலு லட்சத்துப் பதினோராயிரத்து அறுநூறு. மொத்தமா வரவு வச்சிடு.”

“முன்கூட்டிக் கட்டினா வட்டி கழியும். கழிச்சுத்தான் கட்டணும்.”

“கழிக்க வேண்டாம். இன்னைக்கே முடிஞ்சா போதும்.”

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தைப் பார்க்கிறேன் என்று நினைக்கிறேன். சட்டை அவருடையதுதான், உள்ளே இருந்த ஆள்தான் குறைந்திருந்தார். பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டை. அதற்கு மேல் மிச்சம் ஒரு சாண் தொங்கியது. கண்ணின் வெள்ளையைப் பார்த்தேன். இந்தத் தடவை விளக்கு மட்டம் என்று நான் நினைக்கவில்லை. போன மாதம் கிளினிக்கில் ஒரு சின்ன டாக்டரம்மாவைக் கொண்டுவந்து உட்கார வைத்தது எதற்கென்றும் புரிந்தது.

ஆளுக்கு முன்னாடி கடன் முடியணும்.

“எவ்வளவு?” என்றேன்.

“அதான் சொன்னேனே. நாலு லட்சத்து...”

“நான் பணத்தைக் கேக்கல.”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, சேலைத் தலைப்பைப் பார்த்தார். “நீ எண்ணும்மா. பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க.”

“அண்ணிக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

பையைப் பிரித்தேன். கட்டுகளை வெளியே எடுத்து வைத்தேன். எண்ணவில்லை. “அன்னைக்கு ஏன் பத்துன்னு எழுதினே?” என்று கேட்டேன். அவ்வளவு வருடமும் கேட்காதது, பில் எண் கேட்கிற மாதிரி சாதாரணமாக வந்தது.

அவர் உடனே சொன்னார். கேட்பேன் என்று காத்திருந்தார் போல. “ஒண்ணுன்னு எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். நீ கதவு வழியா பாத்துக்கிட்டே இருந்தே. கண்ணைக்கூட மூடல. அப்ப வேற என்னத்த எழுதறது?” கம்பியைப் பிடித்துக்கொண்டார். “ஒண்ணுன்னு எழுதியிருந்தா பாப்பா வந்திருப்பாளேன்னு அப்ப தோணல. அப்புறம்தான் தோணுச்சு.”

எனக்குக் கோபம் வந்தது. ஐந்தரை வருடத்துக்குப் பிறகு வந்த முதல் கோபம். காது சுடுகிற அளவுக்கு வந்தது. ஏமாற்றியதற்காக வந்ததா, இப்போது எல்லாக் கணக்கையும் முடித்துக்கொண்டு கிளம்பப் பார்க்கிறாரே அதற்காக வந்ததா, எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. தங்கை ஒருத்தி இங்கே கம்பிக்குள் உட்கார்ந்திருக்கிறாள், அவளிடம் டோக்கன் எடுத்து, சாவைக்கூடப் பையில் போட்டுக் கொண்டுவந்து வைக்கிறார் இந்த மனிதர்.

நான் ஒரே ஒரு கட்டை உருவி எட்டாயிரத்து நானூறு எண்ணினேன். மீதியைப் பையில் போட்டு அவர் பக்கம் தள்ளினேன்.

“முன்கூட்டி முடிக்கணும்னா ஒரு மாசம் முன்னாடி எழுதிக் குடுக்கணும். அதுதான் விதி.”

“அந்த விதியை நான்தான் எழுதினேன்.”

“அப்ப நீயே மீறாதே.”

எழுபத்திரண்டாவது தவணைக்கு முத்திரை குத்தினேன். அதோடு அந்தப் பாஸ்புக்கில் வரிகள் தீர்ந்தன. ஒரு புத்தகத்துக்கு ஆறு வருடம், அப்படித்தான் என் கணவர் அடித்துக் கொடுப்பார். அவர் புது மெஷினில் அடித்த கடைசி பண்டலிலிருந்து ஒன்றை எடுத்தேன். எழுந்து போய்க் குழாயில் கையைக் கழுவினேன். விரல் இடுக்கு விடாமல் கழுவினேன். துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து பேனாவைத் திறந்தேன்.

அடுத்த மாதம் ஒன்றாம் தேதி என்று முதல் வரியில் எழுதினேன். அதற்கடுத்த மாதம் ஒன்றாம் தேதி. அதற்கடுத்தது. பெஞ்சில் யாரோ, “இன்னைக்கு நடக்குமா நடக்காதா?” என்றார்கள். “நடக்கும், உக்காருங்க” என்றேன். அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் இமைக்கவில்லை. ஒரு வருடம் எழுதி முடித்தேன். பக்கத்தைத் திருப்பினேன். இரண்டாவது வருடம், மூன்றாவது வருடம். எழுத்து நனைந்து ஒரு இடத்தில் கலைந்தது, அதன் மேலேயே எழுதினேன். நாற்பத்தெட்டு வரி. நாலு முழு வருடம். கீழே என் கையெழுத்தைப் போட்டுக் கம்பிக்கு அடியில் தள்ளினேன்.

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். கடைசி வரியில் விரலை வைத்தார். உதடு லேசாக அசைந்தது. மனசுக்குள் கணக்குப் போடுகிறார் என்று எனக்குத் தெரியும்.

“இது ஞாயித்துக்கிழமைம்மா” என்றார்.

“அப்ப திங்கக்கிழமை வா அண்ணா” என்றேன்.